"அவன் தானா வந்தான்னு லெட்டர் ரெடி பண்ணு"ன்னு சொல்றாங்க, பண்ணலாமா மேடம்?

வடசென்னையில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. நாலு பக்கம், கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு வயசு 31. ஆறு வருஷமா ஒரு சின்ன ட்ரஸ்ட்ல வாலண்டியர். சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன், மழை வந்தா ரிலீஃப் வேலை. முதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள் போயிட்டு இருந்தவங்க இப்ப 'கோஆர்டினேட்டர்', அவங்க கீழ 40 வாலண்டியர்ஸ். போன நவம்பர் மழையில புளியந்தோப்பு பக்கம் முட்டி அளவு தண்ணியில அரிசி குடுக்கப் போயிருக்காங்க. ட்ரஸ்ட் வாடகைக்கு எடுத்த குட்டி யானை வண்டி, அதுல 25 கிலோ சிப்பம் இருபத்தஞ்சு. மேல நின்னு இறக்கிட்டு இருந்த பையனுக்கு 19 வயசு, பி.காம் ரெண்டாவது வருஷம். பின்னாடி ஒரு ஆட்டோ ஹாரன் அடிச்சிட்டே இருக்க, டிரைவர் திரும்பிப் பாக்காம வண்டிய சடார்னு முன்னாடி எடுத்துட்டாரு. பையன் சிப்பத்தோட கீழ விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சு, பிரைவேட் ஆஸ்பத்திரியில பிளேட் வச்சு ஆபரேஷன், செலவு 72,000. அம்மா காலையில இட்லி கடை போடறவங்க, வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்காங்க. ட்ரஸ்ட்ல இருந்து 5,000 ரூபாயும் ஒரு பை ஆப்பிளும் போச்சு. செமஸ்டர் எழுத முடியல.

இப்ப செகரட்டரி சொல்றது என்னன்னா, வாலண்டியர் தானே, நமக்குப் பொறுப்பு இல்ல, ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு, அதுவும் போதாதுன்னா "அந்தப் பையன் ஏரியா பையன், தானா வந்து உதவி பண்ணான், ட்ரஸ்டுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு பழைய தேதி போட்டு ஒரு லெட்டர் ரெடி பண்ணு, நீதான் கோஆர்டினேட்டர், நீயே கையெழுத்துப் போடு. பையனை வாட்ஸ்அப் குரூப்ல இருந்தும் தூக்கியாச்சு. வாசகி கேக்கறது: "சட்டத்துல வாலண்டியருக்கு ஒண்ணும் கிடையாதாமே, நிஜமா? நான்தான் 'மழை வருது, சீக்கிரம் இறக்குங்க'ன்னு சொன்னேன், என் மேல கேஸ் வருமா? அவங்க அம்மா போன் பண்ணா எடுக்கவே பயமா இருக்கு மேடம்."

வணக்கம் மா. லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மத்தது எல்லாத்தையும் பொறுமையா பேசலாம், முதல்ல ஒண்ணு.

அந்த லெட்டரை எழுதாதீங்க

பழைய தேதி போட்டு நடக்காத ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டா அது பொய் ஆவணம், குற்றம், அதுல இருக்கப்போறது செகரட்டரி பேர் இல்ல, உங்க பேர். இது உங்களுக்கே தெரியும், தெரிஞ்சதாலதான் எனக்கு எழுதியிருக்கீங்க. ஆனா உங்களுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, அந்த லெட்டர் பையனோட நஷ்ட ஈட்டையே காலி பண்ணிடும். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் சுத்தி வரணும்.

நடந்தது மோட்டார் வாகன விபத்து. வண்டி நகர்ந்துச்சு, அதனால ஆள் விழுந்தான், விழுந்தது ரோட்டுல. சரக்கு இறக்கறப்ப கை உடைஞ்சதுன்னு உங்க எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு, அதான் யாருக்கும் இது தோணல. அந்தக் குட்டி யானைக்கு இன்சூரன்ஸ் இருக்கும் இல்ல? அது எதுக்கு இருக்கு? மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல பையன் டிரைவர் மேல, வண்டி ஓனர் மேல, இன்சூரன்ஸ் கம்பெனி மேல மனு போடலாம். சென்னையில அது ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற ஸ்மால் காசஸ் கோர்ட்ல நடக்கும்.

இப்ப இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வந்து என்ன சொல்லுவாருன்னு எனக்கு மனப்பாடம். "சரக்கு வண்டியில ஓசியில ஏறின ஆளுக்கு பாலிசி கவர் கிடையாது." சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா 1994ல மோட்டார் வாகனச் சட்டத்துல ஒரு திருத்தம் வந்துச்சு, சரக்கு வண்டியில சரக்கோட உரிமையாளரோ அவரோட பிரதிநிதியோ இருந்தா அவங்களுக்கு பாலிசி கவர் உண்டுன்னு. அரிசி யாரோடது? ட்ரஸ்டோடது. பையன் யாரு? ட்ரஸ்ட் அனுப்பின ஆள். அதாவது "இவர் எங்க வாலண்டியர், எங்க சரக்கோட எங்க சார்பா அனுப்பினோம்"னு ட்ரஸ்ட் ஒரு உண்மையான கடிதம் குடுத்தா பையன் கேஸ் நிக்கும், "எங்களுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு குடுத்தா அவன் ஓசி ஆளாயிடுவான். செகரட்டரி தன்னைக் காப்பாத்திக்கறதா நினைச்சுட்டு, வேற யாரோ குடுக்க வேண்டிய காசை பையனுக்குக் கிடைக்காம பண்ணப் போறாரு. இதை அவர்கிட்ட இதே மாதிரி சொல்லுங்க, ட்ரஸ்ட் பாக்கெட்ல இருந்து போற காசு இல்லன்னு புரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

நிச்சயமா ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன். கேபின்ல உக்காராம பின்னாடி நின்னான்னு கம்பெனி வாதாடும், அவன் சவாரி போகல, சரக்கு இறக்கிட்டு இருந்தான்னு நாம பதில் சொல்லணும். சில கேஸ்ல கோர்ட் "கம்பெனி முதல்ல குடுத்துடு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோ"ன்னு உத்தரவு போடறதும் உண்டு. எப்படி இருந்தாலும் டிரைவர், ஓனர் பொறுப்பு அப்படியே இருக்கு.

செய்ய வேண்டியது என்னன்னா, போலீஸ்ல புகார், எஃப்.ஐ.ஆர். விபத்து நடந்து வாரக்கணக்கா ஆச்சேன்னு தயங்காதீங்க, ஆபரேஷன், அலைச்சல்னு தாமதத்துக்குக் காரணத்தை எழுதிக் குடுக்கலாம். ஆஸ்பத்திரியில சேர்க்கறப்ப ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல என்ன எழுதினாங்கன்னு பாத்து அதோட காப்பி வாங்குங்க. நிறைய பேர் போலீஸ் தொல்லை வேணாம்னு "வீட்ல வழுக்கி விழுந்துட்டான்"னு சொல்லிடுவாங்க, அங்கதான் கேஸ் சாகும், உங்க பையன் விஷயத்துல அப்படி நடக்கலன்னு நம்பறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், எக்ஸ்ரே, பரீட்சை எழுத முடியலன்னு காலேஜ்ல ஒரு கடிதம், வண்டியோட ஆர்.சி, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் காப்பி. இப்ப இருக்கற சட்டப்படி விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும், நவம்பர்ல நடந்ததுன்னா மே வரைக்கும் இழுக்காதீங்க, பொங்கல் முடிஞ்ச கையோட வேலையை ஆரம்பிங்க.

டிரைவர் பாவம்னு எழுதியிருக்கீங்க. பாவம்தான், அவர் மேல கேஸ் வரும், மறைக்க மாட்டேன். ஆனா வண்டிக்கு பாலிசியும் அவருக்கு லைசென்ஸும் சரியா இருந்தா நஷ்ட ஈடு அவர் கையில இருந்து போகாது.

இன்னொண்ணு, இது அடுத்த தடவைக்கு. ரோட்டு விபத்துன்னா முதல் 48 மணி நேரத்துக்கு தமிழ்நாடு அரசோட 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. அரசு ஆஸ்பத்திரியில மட்டும் இல்ல, அதுல சேர்ந்திருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலயும் இலவசம். அன்னைக்கு அங்க நின்ன அத்தனை பேர்ல ஒருத்தருக்கு இது தெரிஞ்சிருந்தாலும் அந்த அம்மா வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டாம். 40 பேரை தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

கையெழுத்து வாங்கின ஃபார்ம்

"சட்டத்துல வாலண்டியருக்கு ஒண்ணும் கிடையாது"ங்கறதுல கால்வாசி உண்மை. தொழிலாளர் இழப்பீடுன்னு 1923ல இருந்து ஒரு வழி இருக்கே, அது சம்பளம் வாங்கறவங்களுக்கு. அந்தக் கதவு பையனுக்கு மூடினதுதான், அதை வச்சு யாராவது வக்கீல் பெரிய தொகை வாங்கித் தரேன்னு சொன்னா நம்பாதீங்க.

ஆனா அதுக்காக ட்ரஸ்ட் கையைக் கழுவிட முடியாது. ஒருத்தரை வேலைக்குக் கூப்பிட்டு, எங்க நிக்கணும், என்ன தூக்கணும்னு நாமே சொன்னா, நியாயமான பாதுகாப்பு குடுக்கற கடமை நமக்கு வந்துடுது. அதுல அஜாக்கிரதையா இருந்தா சிவில் கோர்ட்ல நஷ்ட ஈடு கேக்கலாம், சம்பளம் குடுத்தோமா இல்லையாங்கறது அங்க கேள்வியே இல்ல. "எது நடந்தாலும் ட்ரஸ்ட் பொறுப்பாகாது"ன்னு நெட்ல இருந்து எடுத்த ஒரு பக்க ஃபார்ம் இந்தக் கடமையை மொத்தமா அழிச்சிடாது. பொது நலனுக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாதுன்னு 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்லுது. ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சு வந்தாருன்னு காட்டறதுக்கு வேணா அந்த ஃபார்ம் கொஞ்சம் உதவும்.

அதுலயும் நீங்க அனுப்பின ஃபார்ம் போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்தேன், கையெழுத்துப் போட்டவங்க லிஸ்ட்ல ரெண்டு பேருக்கு வயசு 17னு போட்டிருக்கு. பதினெட்டு முடியாதவங்க போடற ஒப்பந்தம் செல்லவே செல்லாது, 1903ல, அப்ப நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புல இருந்து அதுதான் சட்டம். பிளஸ் டூ பசங்க கையெழுத்து வெறும் மை. அவங்களை மூட்டை தூக்க விடவே கூடாது, பேக்கிங், லிஸ்ட் எழுதறது மாதிரி வேலைக்கு வரணும்னாலும் வீட்ல கேட்டுட்டுத்தான்.

உங்க தலையில விழுமா

"சீக்கிரம் இறக்குங்க"ன்னு சொன்னதுக்காக உங்க மேல கேஸ் வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. வண்டிய எடுத்தது டிரைவர், வண்டியையும் ஆளையும் ஏற்பாடு பண்ணது ட்ரஸ்ட். போலீஸ் உங்களை சாட்சியா கூப்பிடலாம், நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க, நீங்க சொன்னதையும் சேத்து. உங்களுக்கு ஆபத்து நான் மேல சொன்ன அந்த லெட்டர்ல மட்டும்தான். செகரட்டரி அதைக் கேட்டது வாட்ஸ்அப்லன்னா அந்த மெசேஜை அழிக்காதீங்க. வாயால கேட்டாருன்னா, "சார், நீங்க சொன்ன லெட்டர்ல நடந்ததுக்கு மாறா இருக்கு, நான் கையெழுத்துப் போட முடியாது"ன்னு மரியாதையா ஒரு மெசேஜ் போட்டு வச்சுக்கங்க. ஃபேஸ்புக்ல எழுதி ட்ரஸ்ட் பேரை நாறடிக்கணும்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருந்துச்சு, கோவம் புரியுது, ஆனா இப்ப வேண்டாம். அவதூறுன்னு அவங்க கேஸ் போட்டா பையன் விஷயம் ஓரமா போயிடும், அதோட நமக்கு அவங்க கடிதம் வேணும்.

போற போக்குல நீங்க எழுதின ரெண்டு விஷயம்

ஒண்ணு உங்களைப் பத்தி. "நானும் வாலண்டியர்தான் மேடம், பெட்ரோல் காசு மாதம் 3,500 தராங்க"ன்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. வாரத்துக்கு ஆறு நாள், மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும், லீவு போட்டா செகரட்டரிகிட்ட சொல்லணும், கணக்கு நோட்டு உங்ககிட்ட, சாவி உங்ககிட்ட. இதுக்குப் பேர் என்ன மா? பேர்ல 'கௌரவ ஊழியர்'னு இருந்தாலும் கோர்ட் வேலையோட தன்மையைப் பாக்கும், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டுன்னு 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொன்னது அதனாலதான். குறைந்தபட்ச கூலி வேணாம்னு ஒரு தொழிலாளி எழுதிக் குடுத்தாலும் அது செல்லாதுன்னு 1948 சட்டத்துலயே இருந்துச்சு. உடனே கேஸ் போடுங்கன்னு சொல்லல. நேரம், வேலை இதெல்லாம் ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க, ரெண்டுல ஒண்ணு செகரட்டரிகிட்ட கேளுங்க, ஒண்ணு முறையா வேலைக்கு எடுத்து சம்பளம் போடுங்க, இல்ல வாரத்துக்கு ரெண்டு நாளா குறைங்க. ஆறு வருஷமா உங்களால 'முடியாது'ன்னு சொல்ல முடியல, ஏன்னா டியூஷன் பசங்க முகம் வந்து நிக்குது. அது செகரட்டரிக்கும் தெரியும்.

ரெண்டாவது. ஒரு காலேஜ் பொண்ணு, மீட்டிங் முடிஞ்சா "கார்ல விடறேன்"னு வர்ற ஒரு பெரியவரால ரெண்டு மாசமா வர்றதை நிறுத்திட்டா, "அந்த கமிட்டி எல்லாம் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்குத் தானாமே"ன்னு எழுதியிருக்கீங்க. தப்பு. பணியிடத்துல பெண்களுக்கு பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013, அதுல ஊழியர்ங்கறதுக்கு குடுத்திருக்கற விளக்கத்துலயே சம்பளம் வாங்கினாலும் வாங்காட்டியும், தன்னார்வமா வேலை பாத்தாலும் அவங்களும் ஊழியர்தான்னு தெளிவா இருக்கு. பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா புகாரை விசாரிக்க உள் குழு போடணும், போடாட்டி 50,000 வரைக்கும் அபராதம். பத்துக்குக் கீழன்னாலோ, புகாரே தலைமையில இருக்கறவர் மேலன்னாலோ மாவட்ட அளவுல உள்ளூர் குழு இருக்கு. புகார் குடுக்க மூணு மாசம் டைம், தகுந்த காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம். குடுக்கறதா வேணாமாங்கறது அந்தப் பொண்ணோட முடிவு, நீங்க தள்ளாதீங்க. ஆனா வழி இருக்குன்னு அவகிட்ட சொல்றது கோஆர்டினேட்டரா உங்க வேலை, இந்த வாரமே சொல்லுங்க, நாள் ஓடுது.

செகரட்டரிகிட்ட என்ன பேசறது

அவர் கெட்டவர்னு நான் நினைக்கல. சின்ன ட்ரஸ்ட், டொனேஷன் நின்னுடும்னு பயம், வக்கீலுக்குக் குடுக்க காசு இல்ல, அதான் இப்படி யோசிக்கறாரு. ஆனா வாலண்டியர்னா செலவில்லாத ஆள்னு ஒரு நினைப்பு நம்ம ஊர் அமைப்புகள் நிறைய இடத்துல ஊறிப் போயிருக்கு. ஆண்டு விழாவுல டொனேஷன் குடுத்தவருக்குப் பொன்னாடை போடுவாங்க, அந்தத் தட்டைப் பிடிச்சிட்டு நிக்கறது வாலண்டியர். நானூறு சாம்பார் சாதப் பொட்டலம் கட்டினவங்களுக்கு "மிச்சம் இருந்தா எடுத்துக்கங்க"ன்னு சொல்லுவாங்க.

நானும் பட்டிருக்கேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல சைதாப்பேட்டை பக்கம் ஒரு குழுவோட நாலு நாள் தண்ணியில நின்னேன். கையுறை இல்ல, பூட்ஸ் இல்ல, அந்தத் தண்ணியில எலிக்காய்ச்சல் வரும், முன்கூட்டியே டாக்டரைப் பாத்து மாத்திரை கேளுங்கன்னு சொல்ல ஆள் இல்ல. கால் விரல் இடுக்கு வெந்து ஒரு மாசம் செருப்புப் போட முடியல. குழு தலைவர் அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை போன் பண்ணாரு, "மேடம், உங்க கார் நாளைக்குக் கிடைக்குமா?"ன்னு கேக்க. மறுபடி அந்தப் பக்கம் நான் போகவே இல்ல. அவருக்கு இன்னைக்கு வரைக்கும் ஏன்னு தெரிஞ்சிருக்காது.

அதனால அவர்கிட்ட பேசறப்ப சட்டத்தை வச்சு மிரட்டாதீங்க, ட்ரஸ்ட் நாளைக்கும் ஓடணும்னா என்ன வேணும்னு பேசுங்க. முதல் வேலை குரூப் ஆக்சிடென்ட் பாலிசி, வாலண்டியர்ஸ் பேர் லிஸ்ட் குடுத்தா பொதுக் காப்பீட்டு கம்பெனிகள்ல போடலாம், ரெண்டு மூணு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க. பாலிசி எடுக்கற வரைக்கும் வெள்ளத்துக்கு யாரையும் இறக்காதீங்க, டியூஷன் நடக்கட்டும். வெளிய போற அன்னைக்கு யாரு பொறுப்பு, வண்டி நகர்றப்ப யாரும் மேல நிக்கக் கூடாது, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி, இதை டீ குடிக்கறப்பவே சொல்லி முடிக்கலாம், இதுக்கெல்லாம் காசு வேண்டாம்.

பெட்ரோல், ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ்னு பசங்க சொந்தக் காசு போட்டா "டொனேஷனா நினைச்சுக்கோங்க"ன்னு சொல்றாராமே. அப்படின்னா ரசீது குடுக்கணும். ஆனா டொனேஷனுக்கான வருமான வரிச் சலுகையில பொருளாவோ உழைப்பாவோ குடுத்ததுக்கு வரி விலக்கு கிடையாது, ரொக்கம்னா 2,000க்கு மேல கிடையாது, புது வரி முறையில இருக்கறவங்களுக்கு எதுவுமே கிடையாது. ஒழுங்கான வழி, பில்லை வாங்கி வவுச்சர் போட்டு காசைத் திருப்பிக் குடுங்க, வேணும்னு தோணினா அவங்களே பேங்க் வழியா டொனேஷன் போடட்டும். முக்கால்வாசி பேர் போடுவாங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

அரசாங்கமே பசங்களுக்கு சாயங்காலம் பாடம் சொல்லித் தர்ற 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை ஆரம்பிச்சப்ப தன்னார்வலர்களுக்கு மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகைன்னு வச்சுது. பத்துமா பத்தாதாங்கறது வேற விவாதம், சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம் வந்து உக்கார்றவங்களுக்கும் ஒரு செலவு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க இல்ல, அதைச் சொல்றேன். உங்க ட்ரஸ்டால 40 பேருக்கு மாசாமாசம் அப்படிக் குடுக்க முடியாது, சரி. பையனை மறுபடி குரூப்ல சேக்க முடியும் இல்ல? செகரட்டரியே நேர்ல போய் அந்த அம்மாவைப் பாக்க முடியும் இல்ல? 72,000ல ட்ரஸ்ட் எவ்வளவு தாங்கும்னு கமிட்டியில வச்சு தீர்மானம் போட்டு, தவணையா குடுத்தாலும் பரவால்ல, முறையா குடுங்க. அதுக்காக அவங்ககிட்ட "இனி எந்த கேஸும் போட மாட்டோம்"னு எழுதி வாங்கக் கூடாது, வாங்கினா இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதல்ல தூக்கிக் காட்டும்.

இத்தனைக்கும் அவர் ஒத்துவரலன்னா நீங்க வெளிய வரலாம். ஆறு வருஷம் செஞ்சது எதுவும் அதனால வீணாகாது, டியூஷன் எடுக்க வியாசர்பாடியில வேற இடமே இல்லையா என்ன. வர்றப்ப சாவி, கணக்கு நோட்டு, மிச்சக் காசு எல்லாத்தையும் எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வாங்க.

பையன் குடும்பத்துக்கு வக்கீல் வைக்க வசதி இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க, அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட இலவச எண். ஹைகோர்ட் வளாகத்துல மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கு, நேர்லயும் போகலாம். அந்தக் காலேஜ் பொண்ணுக்கும் அதே இடம்தான், பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் குடுப்பாங்க.

இன்னைக்கு சாயங்காலம் அவங்க அம்மா போன் பண்ணா எடுங்க. எடுத்ததும் "மெடிக்கல் ஷாப் பில் எல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?"ன்னு கேளுங்க. அதெல்லாம் சின்னச் சின்ன தாள், சீக்கிரம் மை அழிஞ்சிடும், கையோட ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்க.